நிழல் பார்த்து வீடு பிடி!

அடையாற்றின் தென்கரையில் 'ஊர் மாதிரி' ஓர் இடம் தேடுகிறவர்களுக்கு...

சென்னையில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் புரோக்கரிடம் சொல்வதில் ஒரு விஷயம் மட்டும் மாறுவதே இல்லை. ''அமைதியான ஏரியாவா இருக்கணும். தெருவுல நாலு மரம் இருக்கணும். ஊர் மாதிரி இருக்கணும், ஆனா எல்லாம் பக்கத்துலயே கிடைக்கணும்.'' புரோக்கர்களின் பதிலும் மாறுவதில்லை. ''அப்போ அடையாறு சைடு பாருங்க சார். ரேட்டுதான் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்.''

அந்த 'முன்னப்பின்ன'வில் பெரும்பாலும் 'பின்ன' இருக்காது. இருந்தாலும் தேடல் நிற்பதில்லை. காந்தி நகர், கோட்டூர்புரம், பெசன்ட் நகர், கலாக்ஷேத்ரா காலனி, திருவான்மியூர் என்று ஆற்றுக்குத் தெற்கே ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் இந்தப் பகுதிகளில் 'டூ லெட்' பலகை ஒரு வாரம் தொங்கினாலே ஆச்சர்யம். ஐ.டி வேலைக்கு வந்த இளம் தம்பதி, வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் ஓய்வுபெற்றவர்கள், ஐ.ஐ.டி-யில் ஆராய்ச்சிக்கு வந்தவர்கள், அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குச் சிகிச்சைக்காக வெளியூரிலிருந்து வந்து மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் என்று எல்லோருக்கும் இங்கேதான் இடம் வேண்டும்.

எல்லோரும் முதலில் வீட்டைப் பார்க்கிறார்கள். டைல்ஸ், மாடுலர் கிச்சன், பால்கனி, கார் பார்க்கிங். அப்புறம்தான் தெரு. இந்த வரிசை தலைகீழ். மரம் அடர்ந்த பகுதியில் வீடு பிடிப்பதற்கு வேறொரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு மண்ணில் ஆரம்பித்து, தண்ணீரில் நடந்து, கடைசியில்தான் வீட்டுக்குள் நுழையும்.

நிழலுக்கு யார் காவல்?

சென்னை முழுக்க ஒரு காலத்தில் தோப்பும் துரவும்தான். மற்ற இடங்களில் போன பச்சை இங்கே மட்டும் ஏன் மிச்சம் இருக்கிறது? மக்களின் மர நேசம் மட்டும் காரணம் இல்லை. இங்கே பெரிய பெரிய நிலங்கள் விற்பனைக்கு வரவே இல்லை. அதுதான் ரகசியம்.

தென்கரையின் வரைபடத்தை விரித்தால் மூன்று பெரிய பச்சைத் திட்டுகள் தெரியும். கிழக்கே, ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி தியாசபிகல் சொசைட்டி, அதாவது பிரம்மஞான சபை. நியூயார்க்கில் 1875-ல் தொடங்கப்பட்ட இந்தச் சபைக்காக, அதன் நிறுவனர்களான பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் 1882-ல் ஆற்றங்கரைத் தோட்டம் ஒன்றை வாங்கினார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்ததில், இன்று 250 ஏக்கருக்கும் மேல். அங்கேதான் அந்தப் புகழ்பெற்ற அடையாறு ஆலமரம். 1989-ல் அடித்த புயல்காற்றில் தாய்மரம் சாய்ந்தது. விழுதுகள் இன்னும் நிற்கின்றன.

மேற்கே கிண்டி. 1978-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட சுமார் 270 ஹெக்டேர் காடு. நகரத்துக்கு நடுவே வெளிமானும் புள்ளிமானும் திரிகிற இப்படியொரு காடு எத்தனை பெருநகரங்களுக்கு வாய்த்திருக்கிறது? அதே காட்டிலிருந்து பிரித்துக் கொடுக்கப்பட்ட 600 ஏக்கருக்கும் அதிகமான நிலத்தில் 1959-ல் ஐ.ஐ.டி வந்தது. மரங்களை முடிந்தவரை விட்டுவைத்தே கட்டடங்கள் எழுந்ததால், காட்டின் நீட்சியாகவே அந்த வளாகம் இருக்கிறது.

மூன்றாவது, தெற்கே கலாக்ஷேத்ரா. ருக்மிணி தேவி அருண்டேல் 1936-ல் தொடங்கிய கலைப்பள்ளி, பின்னாளில் திருவான்மியூரின் மணல்வெளிக்கு இடம் மாறியது. பனையும் சவுக்கும் தவிர அதிகம் எதுவும் வளராத கடற்கரை மணலில் மரங்களை நட்டு, தண்ணீர் ஊற்றி, ஒரு சோலையை உண்டாக்கினார்கள். அந்த நிறுவனம் இப்போது நாடாளுமன்றச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது.

ஆக, ஒரு சபை, ஒரு காடு, ஒரு கல்வி நிறுவனம், ஒரு கலைப்பள்ளி. இவற்றின் மதில்சுவர்களுக்கு இடையே இருக்கிற இடைவெளிகளில்தான் நாம் வீடு தேடுகிறோம். கோடையில் இரண்டு டிகிரி குறைவாகத் தெரிகிற வெயிலும், விடிகாலையில் கேட்கிற செம்போத்தின் குரலும் அந்த மதில்களுக்கு அப்பாலிருந்து வருபவை.

இதிலிருந்து முதல் விதி கிடைக்கிறது. பக்கத்து வீட்டுத் தோட்டத்தைப் பார்த்து மயங்கி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அந்தத் தோட்டம் அடுத்த வருடமே ஆறு மாடிக் கட்டடமாகிவிடும். விற்க முடியாத நிலம் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதை ஒட்டி வீடு தேடுங்கள்.

நாலு பேட்டை, நாலு குணம்

காந்தி நகர்: 1940-களின் இறுதியில், சுதந்திரத்தின் சூட்டோடு உருவான குடியிருப்பு. மதராஸ் கூட்டுறவு வீடு கட்டும் சங்கம் மனைகளைப் பிரித்து, அகலமான மெயின் ரோடுகளும் குறுக்குத் தெருக்களும் பூங்காவுமாக வரைந்து கொடுத்தது. மனைகள் பெரியவை. ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் ஒரு மாமரமோ, பின்னால் இரண்டு தென்னையோ வைக்க இடம் இருந்தது. தெருவோரத்து தூங்குமூஞ்சி மரங்கள் அன்று நட்டவை. இன்று இரண்டு பக்கமும் கிளைகள் கோத்து நிற்கின்றன. கோயில், ஸ்வீட் ஸ்டால், மருந்துக் கடை, லைப்ரரி, ஸ்கூல் எல்லாமே நடந்து போகும் தூரம். வயதானவர்களுக்கு இதைவிடத் தோதான இடம் சென்னையில் குறைவு. சிக்கல் என்னவென்றால், தனி வீடுகள் வேகமாக இடிபடுகின்றன. அமைதிக்காகக் குடிவந்தவர்கள், பக்கத்து மனையில் பைல் அடிக்கிற சத்தத்தோடு ஒன்றரை வருடம் வாழ வேண்டியிருக்கும்.

கோட்டூர்புரம்: அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-ல் வந்த பிறகு, போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களின் தலைநகரம். அறை எடுத்துத் தங்க, மேன்ஷன், ஹாஸ்டல், பகிர்ந்துகொள்ளும் ஃப்ளாட் என்று எல்லாம் உண்டு. ஒரு பக்கம் பெரிய மனிதர்களின் பங்களாக்கள், மறுபக்கம் வீட்டு வசதி வாரியத்தின் அடுக்குமாடிகள், நடுவில் கோட்டூர் என்ற பழைய கிராமம். ரயில் நிலையத்தை ஒட்டி, குப்பை கொட்டிக்கொண்டிருந்த ஆற்றோர நிலத்தை 'நிழல்' அமைப்பினர் 2006 முதல் மரப் பூங்காவாக மாற்றி வளர்த்திருக்கிறார்கள். நம் மண்ணுக்கே உரிய மரங்கள் என்னென்ன என்று பிள்ளைகளுக்குக் காட்ட, நகரத்தில் இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால், கோட்டூர்புரத்தில் வீடு பார்க்கிறவர்கள் ஆற்றின் கதையைத் தெரிந்துகொள்ளாமல் பார்க்கக் கூடாது. அதற்கு அப்புறம் வருவோம்.

பெசன்ட் நகர்: 1970-களில் வீட்டு வசதி வாரியம் உருவாக்கிய பகுதி. பிரம்மஞான சபையின் தலைவராக 1907 முதல் 1933 வரை இருந்த அன்னி பெசன்ட்டின் பெயர். மத்திய அரசு ஊழியர் குடியிருப்பு, ரிசர்வ் வங்கி ஊழியர் குடியிருப்பு என்று அரசு வளாகங்கள் நிறைய. அவற்றின் மரங்களும் ஏரியாவுக்குச் சொத்து. வேளாங்கண்ணி மாதா கோயிலும் அஷ்டலட்சுமி கோயிலும் ஒரே கடலைப் பார்த்து நிற்கின்றன. எலியட்ஸ் பீச்சில், 1930-ல் கடலில் மூழ்கி இறந்த ஷ்மிட்டின் நினைவுச் சின்னத்தைச் சுற்றி, மாலையில் நகரமே கூடும். அதுதான் வரமும் சாபமும். வார நாள் மதியம் பெசன்ட் நகர் தூங்கி வழியும். ஞாயிறு சாயங்காலம் உங்கள் வீட்டு கேட்டுக்கு முன்னால் முகம் தெரியாத ஐந்து கார்கள் நிற்கும்.

கலாக்ஷேத்ரா காலனியும் திருவான்மியூரும்: பீச்சின் ஆரவாரம் வேண்டாம், கடல்காற்று மட்டும் போதும் என்பவர்களுக்கு கலாக்ஷேத்ரா காலனி. முட்டுச்சந்துகள் அதிகம் என்பதால் வாகனங்கள் குறைவு. அதைத் தாண்டினால் திருவான்மியூர். மேலே சொன்ன காந்தி நகரும் பெசன்ட் நகரும் 'ஊர் மாதிரி' என்றால், இது நிஜமாகவே ஊர். சம்பந்தரும் அப்பரும் பாடிய மருந்தீஸ்வரர் கோயில், தெப்பக்குளம், மாட வீதிகள், திண்ணை வைத்த பழைய வீடுகள் சில. மரம் குறைவு, மனிதர்கள் அதிகம். பங்குனித் திருவிழாவில் தேர் ஓடும்போது உங்கள் பைக்கை எங்கே நிறுத்துவது என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

ஆற்றிடம் கேளுங்கள்

பச்சை இருக்கும் இடத்தில் தண்ணீர் இருக்கும். தண்ணீர் இருக்கும் இடத்தில் வெள்ளமும் வரும்.

2015 டிசம்பர் 1-ம் தேதி. விடாமல் பெய்த மழையில் நிரம்பும் நிலைக்கு வந்த செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. ஏரிக்குக் கீழே இருந்த குளங்களின் உபரியும் சேர்ந்துகொள்ள, அன்று இரவு அடையாறு தன் கரைகளைத் தாண்டியது. கோட்டூர்புரத்தில் வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகளின் தரைத்தளங்கள் மூழ்கின. பங்களாவாசிகளும் படகில்தான் வெளியே வந்தார்கள். ஆற்றுக்குப் பணக்காரத் தெரு, ஏழைத் தெரு என்ற வித்தியாசம் தெரியவில்லை. ஆனால், மறுநாள் ஹோட்டலில் அறை எடுக்க முடிந்தவர்களுக்கும் பள்ளிக்கூடத்தில் படுத்தவர்களுக்கும் வித்தியாசம் தெரிந்தது.

தென்கரையின் தண்ணீர் ஆற்றோடு முடிவதில்லை. கோட்டூர்புரத்துக்கும் காந்தி நகருக்கும் நடுவே பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. அதன் மீதுதான் பறக்கும் ரயிலின் தூண்கள். மழைநீர் வடிய வேண்டிய வழியிலேயே தூண்கள் நிற்பதால், பெருமழையில் கால்வாயை ஒட்டிய தெருக்கள் சீக்கிரம் நிரம்புகின்றன. கடற்கரைப் பக்கம் 2004 டிசம்பர் 26 சுனாமியின் நினைவு, குப்பத்து மக்களிடம் இன்னும் பச்சையாக இருக்கிறது.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஒரே தெருவில் ஒரு வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீரும், பத்து வீடு தள்ளி வாசல்படி வரை மட்டுமே தண்ணீரும் வந்த கதைகள் இங்கே ஏராளம். தெருவின் மட்டம் தெரியாமல் வீட்டின் மட்டத்தைப் பார்த்துப் பயனில்லை. தரைத்தளம் என்றால் சுவரின் கீழ்ப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். புதுப் பெயின்ட்டுக்கு உள்ளே உப்புப் பூத்து, உதிரி உதிரியாக வந்தால், தண்ணீர் ஏறிய அடையாளம். மீட்டர் போர்டு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். 2015-க்குப் பிறகு உயர்த்தி மாட்டியிருந்தால், அந்த வீடு பாடம் படித்திருக்கிறது. பார்க்கிங்கில் இருக்கும் மோட்டாரும் ஜெனரேட்டரும் மேடையில் இருக்கின்றனவா, தரையிலேயே கிடக்கின்றனவா என்பதையும் கவனியுங்கள்.

ஹவுஸ் ஓனரிடம், ''இங்கே தண்ணி வருமா?'' என்று கேட்டால், ''சேச்சே'' என்பார். ''2015-ல எதுவரைக்கும் வந்துச்சு?'' என்று கேளுங்கள். அதே கேள்வியை எதிர்வீட்டு வாட்ச்மேனிடமும் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் மேற்கொண்டு பேசலாம்.

இஸ்திரி வண்டி நிற்கும் இடம்

ஆன்லைன் ஆப்கள் பெருகிய பிறகும், இந்தப் பகுதிகளில் நல்ல வீடுகள் விளம்பரத்துக்கு வருவதற்கு முன்பே கைமாறிவிடுகின்றன. தகவல் இருப்பது வேறு இடங்களில்.

காலை ஒன்பது மணிக்கு ஏதாவது ஒரு குறுக்குத் தெருவில் நில்லுங்கள். இஸ்திரி வண்டி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கரிப்பெட்டியின் சூட்டில் நாள் முழுவதும் நிற்கிறவர் அவர். தெருவிலேயே நல்ல நிழல் எந்த மரத்தடியில், எத்தனை மணி வரை விழும் என்பது அவருக்கு அத்துப்படி. அதோடு, யார் வீடு காலியாகப் போகிறது, எந்த ஓனர் அமெரிக்காவில் மகளோடு செட்டில் ஆகிவிட்டார், யார் வீட்டில் ஆறு மாதத்துக்கு ஒரு குடித்தனம் மாறுகிறது என்பதெல்லாம் துணி மூட்டைகளோடு அவரிடம் வந்து சேரும். வாட்ச்மேன்கள், பால் பாக்கெட் போடுகிறவர், அண்ணாச்சி கடை, வீட்டு வேலை செய்யும் அக்காக்கள் ஆகியோரும் இந்தத் தகவல் வலையில் இருக்கிறார்கள். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை கமிஷன் கொடுக்கும் முன்னால், ஒரு நாள் இவர்களோடு பேசிப் பார்ப்பது நல்லது.

வீட்டை ஒரே ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். சாயங்காலம் ஆறரை மணிக்கு ஒருமுறை போங்கள். கால்வாயும் கழிமுகமும் பக்கத்தில் இருப்பதால், கொசுவின் உண்மை நிலவரம் அப்போதுதான் தெரியும். பெசன்ட் நகர் என்றால் ஞாயிறு இரவு ஒருமுறை. முடிந்தால் மழை பெய்கிற நாளில் ஒருமுறை.

மரம் கொடுப்பதும் கேட்பதும்

மரத்தடி வீடு என்றால் ஜன்னலில் கிளை வந்து தட்டும் என்று கனவு காண்கிறோம். கூடவே மொட்டைமாடி மழைநீர்க் குழாயில் இலை அடைக்கும், சம்ப்பின் சுவரை வேர் பிளக்கும் என்பதும் உண்டு. வீடு பார்க்கப் போகும்போது மொட்டைமாடிக்கு ஏறுங்கள். மழைநீர் வடியும் வாயில் சருகு மண்டிக் கிடந்தால், கடைசி மாடி வீட்டில் ஒழுகல் நிச்சயம்.

மரத்தின் அடியையும் பாருங்கள். நடைபாதைக் கல்லையும் சிமென்ட்டையும் அடிமரத்தை நெருக்கிப் பூசியிருந்தால், வேருக்குக் காற்றும் தண்ணீரும் போகாது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது சென்னை ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மரங்களை இழந்தது. அழகுக்காக நட்ட குல்மொஹர் போன்ற மரங்கள் மேலோட்டமாக வேர் விடுபவை. சுற்றிலும் சிமென்ட் இறுக்கினால் புயலுக்கு எளிதில் சாயும். வேம்பு, புங்கை, புன்னை, நாவல் போன்றவை இந்தக் கரைக்கும் காற்றுக்கும் பழகியவை. தெருவில் எந்த மரம் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு, காரை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யுங்கள்.

கடலுக்குப் பக்கத்தில் என்றால் இன்னொரு பரிசோதனை. ஜன்னல் கிரில்லின் அடிப்பகுதி, ஏ.சி-யின் வெளி யூனிட், கேட்டின் கீல் ஆகிய மூன்றையும் பாருங்கள். உப்புக்காற்று முதலில் அரிப்பது இவற்றைத்தான். வருடம் ஒருமுறை பெயின்ட் அடிக்கும் ஓனரா, துருவைத் தொட்டால் விரலோடு வருகிற வீடா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது குடிநீர். கடற்கரை மணல் மழைநீரை அப்படியே உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பகுதிகளில் ஒரு காலத்தில் சில அடி தோண்டினாலே நல்ல தண்ணீர். அந்தத் தண்ணீரை நாம் அளவுக்கு மீறி உறிஞ்சினால், அதன் இடத்தைக் கடல்நீர் பிடித்துக்கொள்ளும். எனவே போர் தண்ணீரை ஒரு வாய் ருசித்துப் பாருங்கள். மெட்ரோ வாட்டர் தினமும் வருகிறதா, ஒருநாள் விட்டு ஒருநாளா, 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது எத்தனை லாரி வாங்கினார்கள், அந்தச் செலவை யார் பங்கிட்டார்கள் என்று அசோசியேஷன் செக்ரட்டரியிடம் கேளுங்கள். மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்தே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். குழாய் மட்டும் இருக்கிறதா, அது போய்ச் சேரும் கிணறும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மின்சாரம் பற்றி ஒரே வரி: உங்கள் வீட்டுக்குத் தனி ஈ.பி மீட்டர் இருக்க வேண்டும். 'யூனிட்டுக்கு இவ்வளவு கொடுத்துடுங்க' என்று சப்-மீட்டர் கணக்கு சொன்னால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் 100 யூனிட் இலவசம் உங்களுக்கு வராது.

நேர்முகத் தேர்வு

வீடு பிடித்துவிட்டது. இப்போது வீட்டுக்கு உங்களைப் பிடிக்க வேண்டும்.

''எங்கே வேலை? எத்தனை பேர்? வெஜிடேரியனா? பேச்சிலர்னா கொடுக்கறதில்லையே...'' என்று ஆரம்பிக்கும் விசாரணை, சுற்றி வளைத்து, ''நீங்க என்ன ஆளுங்க?'' என்பதில் முடிவதை எத்தனையோ பேர் அனுபவித்திருப்பார்கள். அழகான மரநிழல் தெருக்களில் இந்தக் கேள்வி கூடுதல் மரியாதையோடு கேட்கப்படும், அவ்வளவுதான். இஸ்லாமியர்கள், தலித்துகள், தனியாக வாழும் பெண்கள், திருநர்கள் ஆகியோருக்கு 'வீடு இப்பதான் போயிடுச்சு' என்ற பதில் ரொம்பப் பழக்கமானது. வெளியே நின்று பார்க்க அழகாக இருக்கும் 'ஊர்த்தனம்' ஊரின் பழைய நோய்களையும் சேர்த்தே கொண்டு வருகிறது. வாடகைக்குக் கொடுக்கிறவர்கள் வாசிக்கிறீர்கள் என்றால், உங்களுக்கு ஒரு வார்த்தை: வாடகையை ஒழுங்காகக் கொடுப்பாரா, வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வாரா என்ற இரண்டைத் தவிர, குடித்தனக்காரரைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது எதுவும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் தமிழகத்தின் 2017-ம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாதவரை, அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது எழுதப்படாத விதியாக இருந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். ஆனாலும் 'அஞ்சு மாசம், ஆறு மாசம்' என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். 'வேறு விதமாக ஒப்புக்கொண்டால்' என்ற வாசகம் அவர்களுக்குக் கைகொடுக்கிறது. சட்டத்தைச் சொல்லிப் பேரம் பேசுவதில் கூச்சப்பட வேண்டியதில்லை. காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள், மெயின்டனன்ஸ் யார் கட்டுவது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

சிகிச்சைக்காகச் சில வாரங்கள் மட்டும் தங்க வருகிறவர்களுக்குக் கணக்கு வேறு. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில், நாள் வாடகைக்கும் வார வாடகைக்கும் அறைகள் உண்டு. மரம், காற்று எல்லாம் இரண்டாம்பட்சம். லிஃப்ட் அல்லது தரைத்தளம், சமைத்துக்கொள்ள அனுமதி, இரவில் ஆட்டோ வரக்கூடிய தெரு ஆகிய மூன்றும் இருந்தால் போதும். நோயாளிக்கு மூன்றாவது மாடி என்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நிஜமான ஊர்க்காரர்கள்

'ஊர் மாதிரி' என்று நாம் சொல்லும் இந்தப் பகுதிகளில் நிஜமான ஊர்கள் முன்பிருந்தே இருக்கின்றன. ஊரூர் குப்பம், ஆல்காட் குப்பம், ஓடைக்குப்பம், கோட்டூர். பெசன்ட் நகருக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே ஊரூரில் வலை காய்ந்துகொண்டிருந்தது. ஆல்காட் 1894-ல் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இலவசப் பள்ளி இன்றும் நடக்கிறது. 2015-ல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் கர்னாடக சங்கீதமும் பறையும் ஒரே மேடையில் ஒலித்த விழா, ஒரே ஏரியாவில் இருந்தும் ஒருவர் தெருவுக்குள் ஒருவர் போகாதவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்தது.

அவென்யூக்களின் வீடுகளைப் பெருக்குவதும், கார் துடைப்பதும், விடியற்காலையில் கரை சேர்ந்த மீனை எட்டு மணிக்குள் வாசலுக்குக் கொண்டுவருவதும் அந்த ஊர்க்காரர்கள்தான். ஜனவரியிலிருந்து கோடைத் தொடக்கம் வரை இதே கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. 1988 முதல் மாணவர் அமைப்பு ஒன்று இரவு முழுக்க மணலில் நடந்து, முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாத்துவருகிறது. குடிவந்த முதல் வருடமே அந்த நடையில் ஒருமுறை கலந்துகொண்டால், வாடகை ரசீது சொல்லாத ஓர் உறவு அந்த மண்ணோடு வரும்.

எத்தனை நாளைக்கு?

2019-ல் வந்த கட்டட விதிகள், மனையின் பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்ட அனுமதிக்கின்றன. முன்பு அது ஒன்றரை மடங்கு. உயரம் 18.3 மீட்டர் வரை சாதாரணக் கட்டடமாகவே கருதப்படும். கீழே பார்க்கிங், மேலே ஐந்து மாடி. பழைய பங்களாக்களும் வீட்டு வசதி வாரியத்தின் மூன்று மாடி ஃப்ளாட்டுகளும் இடிபடுவதன் காரணம் இதுதான். புதுக் கட்டடம் மனையின் நான்கு எல்லைகளையும் நெருங்கும்போது, மாமரத்துக்கு இடம் ஏது?

மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து சிப்காட் போகும் தடம், அடையாறு வழியாகத்தான் போகிறது. எல்.பி. ரோட்டில் தடுப்புகளும் தூசியுமாக வருடங்கள் ஓடிவிட்டன. ரயில் வந்துவிட்டால் போக்குவரத்து எளிதாகும், வாடகையும் ஏறும். ஆகவே ஸ்டேஷனை ஒட்டி வீடு பார்ப்பவர்கள், ஒப்பந்தத்தில் வருட உயர்வு எத்தனை சதவிகிதம் என்பதை இப்போதே எழுதி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

சொந்தமாக வாங்குகிறவர்கள் யூ.டி.எஸ் எனப்படும் பிரிக்கப்படாத நிலப்பங்கு எவ்வளவு என்று பார்க்கிறார்கள். நல்லது. அதோடு, வரைபடத்தில் மரம் நிற்க மண் விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். எல்லா ஓரத்திலும் கான்க்ரீட் பூசிவிட்டு, பிரவுச்சரில் மட்டும் பச்சை அடித்த திட்டங்கள் ஏராளம்.

எங்கள் தீர்ப்பு இதுதான். பெற்றோரோடு இருப்பவர்களுக்கும், நடந்தே வேலைகளை முடிக்க நினைப்பவர்களுக்கும் காந்தி நகர். படிக்கிறவர்களுக்குக் கோட்டூர்புரம், அதுவும் முதல் மாடிக்கு மேல். அமைதி மட்டும் போதும் என்பவர்களுக்குக் கலாக்ஷேத்ரா காலனி. மனிதர்கள் வேண்டும் என்பவர்களுக்குத் திருவான்மியூர் மாட வீதிகள். கூட்டத்தைச் சகிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் பெசன்ட் நகர் கடற்கரைத் தெருக்கள். எந்த இடமானாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் விற்க முடியாத நிலம், அடுத்து தெருவின் மட்டம், மூன்றாவது தண்ணீர், நான்காவது ஓனர், கடைசியில் டைல்ஸ்.

குடிபோன பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. உங்கள் வாசல் மரத்தின் அடியை இறுக்கியிருக்கும் சிமென்ட்டைப் பெயர்த்துவிடச் சொல்லி மாநகராட்சிக்கு ஒரு மனு போடுங்கள். வாடகைக்கு இருப்பவர்களும் போடலாம்.